ஐப்பசிக்கு வடகம் இருக்கிறது

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து மொட்டை மாடிகளில் பழைய வேட்டிகள் விரிந்துவிடும். ஒன்றில் கூழ் வடகம், ஒன்றில் மணத்தக்காளி வத்தல், ஒன்றில் மோர்மிளகாய். காக்காயை விரட்ட ஒரு குச்சியில் கறுப்புத் துணி. கொளுத்துகிற வெயிலில் இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் காய்கறி வண்டி தெருவுக்குள் வராது, அப்போது வத்தக்குழம்புதான் கைகொடுக்கும் என்பது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். அரை வருஷம் முன்னாலேயே மழைக்கு ஆயத்தமாகிற அதே வீட்டில், எண்பது வயதுப் பெரியவரிடம் "உங்களுக்கு ரொம்ப முடியாமப் போனா என்ன செய்யணும், எது செய்யக் கூடாது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் வாயைத் திறக்குமுன் சமையலறையிலிருந்து குரல் வரும்: "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? வாயைக் கழுவு."

நான் கேட்டிருக்கிறேன், வாயையும் கழுவியிருக்கிறேன். ஆனாலும் இந்தப் பேச்சை விடுவதாக இல்லை.

வயதானவர்களுக்கு எதுவும் திடீரென்று வருவதாகச் சொல்லிக்கொள்கிறோம். பாதி நேரம் அது பருவம் பார்த்துத்தான் வருகிறது. சித்திரை, வைகாசியில் வருவது சோடியம். வயது ஏற ஏறத் தாகம் தெரியாது. ரத்த அழுத்தத்துக்குத் தருகிற சில மாத்திரைகள் நீரோடு உப்பையும் பிரித்து வெளியேற்றும். போதாததற்கு, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று ரசத்தில்கூட உப்பு போடாத வீடுகள் உண்டு. வேர்வையில் கொஞ்சம் போகும். ஒரு நாள் காலை பெரியவர் எழுந்து உட்கார்ந்து, எப்போதோ விற்றுவிட்ட மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்வார். மறதி வந்துவிட்டது என்று பிள்ளைகள் கலங்குவார்கள். காத்து கருப்பு என்று பாட்டிமார் விபூதி போடுவார்கள். ரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைந்திருக்கும். கோடை தொடங்குமுன் டாக்டரிடம் போய், "இந்த மாத்திரையை வெயில் காலத்திலும் இதே அளவில் போடலாமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். உப்புப் போட்ட நீர்மோர் நல்லதுதான். ஆனால் இதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கு அதற்கும் அளவு உண்டு, அதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் பாசி. கொல்லைப்புறம், கிணற்றடி, குளியலறை வாசல். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் எழுந்து போவதில் பெரியவர்களுக்கு என்ன வீம்போ தெரியவில்லை. விழுந்தால் இடுப்பெலும்பு. மார்கழியில் சளி, அது இறங்கினால் நிமோனியா. மிளகு ரசமும் சுக்கு மல்லிக் காபியும் தூதுவளைத் துவையலும் தொண்டைக்கு இதம். நான் விடாமல் சாப்பிடுகிறேன். ஆனால் ஆண்டுக்கொரு முறை ஃப்ளூ ஊசியும், டாக்டரைக் கேட்டு நிமோனியாவுக்கான ஊசியும் போட்டுக்கொள்ளாமல் ரசத்தை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. விடியற்காலை நாலரை மணிப் பனியில் மப்ளர் இல்லாமல் கோயிலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏழு மணிக்குப் போனாலும் பெருமாள் அங்கேதான் இருப்பார்.

சோடியம், இடுப்பு, சளி. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் ஐ.சி.யூ.வுக்குள் போன முதியவர்களில் பாதிப்பேர் இந்த மூன்றில் ஒன்றால் போனவர்கள்தான். பருவத்துக்கு ஏற்ற சாப்பாடு, தூக்கம், நடை எல்லாம் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நம்மைக் கூடுமானவரை நிறுத்திவைக்கிற வேலை. என்றைக்காவது அந்தக் கதவு திறக்கும். அதற்குப் பிறகு ரசத்துக்கு வேலை இல்லை.

என் மாமா ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஐப்பசி மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. பத்தாம் நாள் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, வென்டிலேட்டர். அவருக்கு மூன்று பிள்ளைகள். துபாயில் இருந்த பெரியவன் போனில், "எவ்வளவு செலவானாலும் எல்லாம் பண்ணுங்க" என்றான். கூடவே இருந்து பார்த்த மகள், "அப்பாவைப் போட்டு வதைக்காதீங்க" என்று அழுதாள். கடைசிப் பையன் இரண்டு பக்கமும் தலையாட்டினான். டாக்டர் காலையும் மாலையும் வந்து, "நீங்க ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவர் தன் விஷயத்தில் இரண்டு வரி எழுதி வைத்திருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அவர் போனார். அண்ணனும் தங்கையும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்பா மனசில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் வாய்பொத்தியவர்கள் என்று நினைக்கவேண்டாம். அஞ்சறைப்பெட்டியின் அடியிலும் சுருக்குப்பையிலும் "என் காரியத்துக்கு" என்று பணம் சேர்த்துவைத்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் புடவையைப் போர்த்தவேண்டும், யார் கொள்ளி வைக்கவேண்டும், யாரை வாசல்படி ஏறவிடக் கூடாது என்பதுவரை சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் காலத்தில் கடைசி மூச்சுக்கும் வீட்டுக் கூடத்துக்கும் நடுவே இயந்திரம் எதுவும் நிற்கவில்லை. அதனால் சாவுக்குப் பின்னால் நடப்பதை மட்டும் ஏற்பாடு செய்தால் போதுமாக இருந்தது. இப்போது சாவுக்கு முன்னால் இருக்கிற அந்த மூன்று வாரத்துக்கும் ஏற்பாடு தேவைப்படுகிறது.

அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-ல் தாக்கப்பட்டு, 2015-ல் இறக்கும்வரை நினைவு திரும்பாமலே படுக்கையில் கிடந்தார். அவர் பெயரில் நடந்த வழக்கில்தான் 2011-ல் உச்ச நீதிமன்றம், மீள முடியாதவருக்குச் சிகிச்சையை நிறுத்தலாமா என்ற விஷயத்தை முதன்முதலாக விரிவாகப் பேசியது. 2018 மார்ச் 9-ல் 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில், கௌரவமாகச் சாவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே 'லிவிங் வில்' என்று எழுதிவைக்கலாம் என்றார்கள். ஆனால் அதில் மாஜிஸ்திரேட்டும் கையெழுத்திட வேண்டும் என்று வைத்ததில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். நமக்குப் பேச முடியாமல் போனால் நம் சார்பில் பேசவேண்டியவர்களின் பெயரையும் அதிலேயே எழுதலாம். ஒருவருக்கு மேலும் எழுதலாம்.

இதில் ஒரு பயம் பலருக்கு இருக்கிறது: எழுதிக் கொடுத்துவிட்டால் காய்ச்சல் என்று போனாலும் கைவிட்டுவிடுவார்களோ என்று. அப்படியில்லை. மீள வழியில்லாத நிலையில், நோயாளிக்கே முடிவு சொல்ல முடியாதபோதுதான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வரும். அப்போதும் சிகிச்சை தருகிற டாக்டரோடு வேறு இருவர் சேர்ந்த ஒரு குழு பார்க்கவேண்டும்; அதற்குமேல் இன்னொரு குழு பார்க்கவேண்டும். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. வேண்டாத சிகிச்சையை நிறுத்துவது மட்டும்தான். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

எங்கள் வீட்டில் முதலில் எழுதியவள் அத்தை. எண்பத்து நாலு வயதில், 2023 கோடையில், அத்தானைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் நோட்டரியிடம் போனாள். கோர்ட் வாசலில் மேஜை போட்டிருந்த அந்த மனிதர் இப்படி ஒரு காகிதத்தைப் பார்த்ததில்லை. "வாடகை அக்ரிமென்ட்டா பாட்டி?" என்றாராம். "இல்லப்பா, காலி பண்றதுக்கு" என்றாளாம் அத்தை.

வக்கீல் எழுதித் தந்த மூன்று பக்கம் தனி. அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டில் அவள் கைப்பட எழுதியதும் இருந்தது. எனக்கு அந்த நோட்டுதான் பெரிது. "நெஞ்சை அமுக்கவேண்டாம். தொண்டையில் குழாய் வேண்டாம். மூக்கு வழியாகக் கஞ்சி ஊற்றவேண்டாம். வலி மட்டும் ஆகாது, அதற்கு என்ன மருந்து வேண்டுமானாலும் கொடுங்கள். என்னைக் கூடத்தில் ஊஞ்சல் பக்கம் போடுங்கள். மார்கழியாக இருந்தால் கம்பளி போர்த்தி ஜன்னலைச் சாத்துங்கள். சித்திரையாக இருந்தால் இஞ்சி தட்டிப் போட்ட மோரை நாக்கு நனைகிற மாதிரி விடுங்கள்." அவள் போனது ஆடி மாதம். ஆடிக்கு நோட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அத்தான் மோரையே விட்டார். அவருக்கும் அமெரிக்காவில் இருக்கிற தம்பிக்கும் அன்று ஒரு வாக்குவாதமும் இல்லை. போனில் நோட்டை வாசித்துக் காட்டினார், அவன் கேட்டுக்கொண்டான்.

அத்தைக்குக் கடைசி மாதங்களில் வலி குறைய மருந்து கிடைத்தது. இது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மார்ஃபின் விஷயத்தில் கெடுபிடி நிறைந்த போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தினார்கள். இருந்தும் பல ஊர்களில் அதற்காக அலையவேண்டியிருக்கிறது. கேரளம் 2008-லேயே வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்து, அதைப் பஞ்சாயத்துவரை கொண்டுபோயிற்று. நம் பக்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். ட்யூப் வேண்டாம் என்று எழுதுகிறவர் இதையும் விசாரித்து வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் வலியில் துடிக்கிற ராத்திரி வீட்டார் பயந்துபோய் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

சொத்துக்கான உயில் லிவிங் வில்லைவிட எளிது. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். உயிலால் சொத்துப் பெறப்போகிறவரையே சாட்சியாகப் போடாதீர்கள். வங்கியில் நாமினி போட்டாயிற்றே என்று உட்கார்ந்துவிடவும் கூடாது. நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர்தான்; அது யாருக்குச் சேரவேண்டும் என்பதை உயிலும் வாரிசுரிமையும்தான் முடிவுசெய்யும். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நாலு பேர்வரை நாமினி போடலாம். கண்தானம் செய்ய நினைத்தால் வீட்டில் சொல்லிவையுங்கள்; ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாகவேண்டும், அட்டையில் கையெழுத்துப் போட்டவர் எழுந்து வந்து போன் பண்ணமாட்டார்.

இதற்கெல்லாம் நாள் எது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை ஒன்று. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறோம். மார்க்கண்டேயனுக்காக எமனைக் காலால் உதைத்த சுவாமியின் சன்னதியில் ஆயுள் வேண்டி மாலை மாற்றிக்கொள்கிறோம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுகிற அப்படிப்பட்ட நாள் பிறகு லேசில் கிடைக்காது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில், "எனக்கு முடியாமப் போனா இதுதான் வேணும், இது வேண்டாம், என் சார்பில் இவ பேசுவா" என்று சொல்லிவிடுங்கள். அறுபதில் தவறியவர்களுக்கு எழுபதில் பீமரத சாந்தியும் எண்பதில் சதாபிஷேகமும் இருக்கின்றன. ஆனால் அதுவரை தள்ளிப்போடுவது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை.

சொன்னதை அந்த மாதத்துக்குள் எழுதி, ஆதார் அட்டையோடும் இரண்டு சாட்சிகளோடும் நோட்டரியிடம் போய் வந்துவிடுங்கள். அசலைப் பீரோவில் பூட்டிச் சாவியை மறைத்துவைக்க வேண்டாம். ஒரு நகல் பிள்ளைகளிடமும் ஒன்று உங்கள் குடும்ப டாக்டரிடமும் இருக்கட்டும்.