திருவிழா வீடியோ ஏன் 12 நிமிஷம்தான்?

 

திருவிழா முடிஞ்சதுல இருந்து வீடியோ எங்கே, வீடியோ எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. போன வாரம் குரூப்பில் போட்டதும், “மூணு நாள் திருவிழாவுக்கு 12 நிமிஷம்தானா? உபயக்காரங்க முகமே காணோமே?” என்று சிலர் வருத்தப்பட்டிருக்கீங்க. அதனால் நடந்ததை எழுதிடலாம்னு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஒரு டீ கலந்து வச்சுக்கிட்டுப் படிங்க.

எடுத்த தம்பி நம்ம எஸ்டேட் பையன். பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டான். தாத்தா காலத்துல இருந்து அந்தக் குடும்பம் இங்கே லயத்துல இருக்கு. கோலாலம்பூர் பக்கம் ஒரு காலேஜில் படம் எடுக்கிற படிப்பு, கடைசி வருஷம். 12 நிமிஷத்துக்குள்ள ஒரு ஆவணப்படம் எடுத்துக் குடுத்தாத்தான் பாஸ். அதுக்கு நம்ம அம்மன் திருவிழாவை எடுக்கலாமான்னு கமிட்டிகிட்ட வந்து கேட்டான். வருஷா வருஷம் காசு குடுத்து வெளியாளைக் கூப்பிடுறதுக்கு இது நல்லதுதானேன்னு சரி சொன்னோம். கர்ப்பக்கிரகத்துக்குள்ள கேமரா வரக்கூடாது, திரை போட்டா கேமராவும் கீழே இறங்கணும், அது ஒன்னுதான் நிபந்தனை. தொண்டர்கள்ல எங்களை அவனுக்குத் துணையா விட்டாங்க. பேக் தூக்குறது, குடை பிடிக்கிறது, கூட்டத்தை விலக்குறது. ஃபேக்டரியில் நாள் பூரா ஆளுங்களை வேலை வாங்குற நம்மளை இந்தப் பையன் மூணு நாள் நல்லா வேலை வாங்கிட்டான்.

வீடியோன்னா பட்டனைத் தட்டினாப் போதும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். முதல் நாள் ராத்திரியே வேற மாதிரி ஆயிடுச்சு. வெளிய குளிர்ல நின்னுட்டு ஹோமம் நடக்கிற மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் லென்ஸ் முழுக்க ஆவி படிஞ்சிடுச்சு. மூக்குக்கண்ணாடி போடுறவங்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். துடைக்கத் துடைக்கப் படியுது. மறுநாள்ல இருந்து அரை மணி நேரம் முன்னாடியே கேமராவைப் பேக்கோட கொண்டுவந்து மண்டபத்துல வச்சிட்டான். பேக்கைத் திறக்காமலே அந்தச் சூட்டுக்குப் பழகவிட்டான். அப்புறம் நம்ம சீரியல் பல்பு. கண்ணுக்கு அழகா இருக்கு, வீடியோவில் பார்த்தா கறுப்புக் கறுப்பா பட்டை ஓடுது. நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த பல்பு ஒரு செகண்டுக்கு 100 தடவை மினுக்குதாம், நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 50-ல் ஒரு பங்குக்கு மாத்தினதும் பட்டை போயிடுச்சு. இதைக் காலேஜில் படிச்சிருந்தும் முதல் நாள் பதட்டத்துல மறந்துட்டானாம்.

ரொம்பப் பிடிச்சது ரத ஊர்வலத்துல நடந்தது. நாம எப்பவும் போல ரதத்தைச் சுத்திச் சுத்தி ஓடி எடுக்கச் சொன்னோம். அவன் மாட்டேன்னுட்டான். ரோட்டுக்கு ஒரு பக்கமாவே நிக்கிறான், அந்தப் பக்கம் போகவே இல்லை. ஏன்னு கேட்டா, “அங்கிள், இந்தப் பக்கம் நின்னா ரதம் இடமிருந்து வலம் போகும். நடுவுல அந்தப் பக்கம் போய் எடுத்தா வலமிருந்து இடம் போகும். ரெண்டையும் ஒட்டினா அம்மன் பாதி வழியில திரும்பி வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும்” என்றான். போன வருஷ வீடியோவை எடுத்துப் பார்த்தோம். அப்படித்தான் இருக்கு! அம்மன் நாலு தடவை திரும்பிப் போறாங்க.

சத்தமும் அப்படித்தான். உறுமி மேளம் பக்கத்துல வந்தா ஒலி கிழிஞ்சு போயிடும்னு, அளவைப் பாதிக்கும் கீழே இறக்கி வச்சிருந்தான். கூட்டம் போனதும் எங்களைப் பேசாம இருக்கச் சொல்லிட்டு, ஒரு நிமிஷம் வெறும் சத்தத்தை மட்டும் பதிவு பண்ணுவான். காத்து, பூச்சி, தூரத்துல ஒரு லாரி. வெட்டி ஒட்டும்போது இடைவெளியை அடைக்க அது வேணுமாம். அந்த ஒரு நிமிஷம் பேசாம இருக்க நம்ம தலைவரால் முடியலை, அதுவும் பதிவாகி இருக்கு.

மூணாவது நாள் மழை. ரதம் கிளம்ப ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஒதுங்கி நின்னப்ப அவன் பாலு மகேந்திராவைப் பற்றிச் சொன்னான். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர். சின்ன வயசுல பள்ளிக்கூடச் சுற்றுலா போனப்ப, கித்துல்கலையில் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படப்பிடிப்பைப் பார்த்திருக்கார். இயக்குநர் டேவிட் லீன் “ரெயின்” என்று கத்தினதும் மழை கொட்டினதாம். மழையை வரவழைக்கிற ஆளா நாமும் ஆகணும்னு அன்னிக்கே அந்தப் பையன் மனசுல விழுந்திருக்கு. அப்புறம் இந்தியா போய், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படிச்சு, 1969-ல் தங்கப் பதக்கம் வாங்கினார். ‘மூன்றாம் பிறை’ 1982-ல் வந்தது. நாமெல்லாம் ஸ்ரீதேவியையும் கமலையும் பார்த்தோம். இவன் சத்தத்தை அணைச்சிட்டு, ஊட்டிப் பக்கத்துப் பனியில் வெளிச்சம் எப்படி விழுதுன்னு மட்டும் பார்ப்பானாம். நம்ம மலையிலும் அதே வெளிச்சம்தான் அங்கிள் என்றான். “ரெயின்னு கத்த வேண்டிய வேலை மட்டும் நமக்கு இல்லப்பா” என்றோம்.

மழை விடலை. குளிருக்கு அன்னதான அடுக்களைக்குள்ள போயிட்டான். அங்கே பூசணிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தவங்களை எடுக்க ஆரம்பிச்சான். நின்னுக்கிட்டு எடுத்தா அவங்களைக் குனிஞ்சு பார்க்கிற மாதிரி வரும்னு, தரையில் உட்கார்ந்து கேமராவை அவங்க கண்ணு மட்டத்துக்கு வச்சான். முதல்ல எல்லாரும் சிரிச்சுக்கிட்டு முந்தானையில் முகத்தை மூடினாங்க. அரை மணி நேரம் போனதும் கேமராவை மறந்துட்டாங்க. அப்பத்தான் நம்ம மூத்த பாட்டி ஒருத்தங்க பேசினாங்க. கொழுந்து எடுத்தே நாப்பது வருஷம் போச்சு அவங்களுக்கு.

கோயில் முதல்ல மரத்தடியில் மூணு கல்லாத்தான் இருந்ததாம். அது நமக்கும் தெரியும். தெரியாதது, சுவர் எழுப்ப மணல் வந்த விதம். வேலை முடிஞ்சு திரும்பும்போது பெண்கள் கொழுந்துக் கூடையில் ஆத்து மணலை அள்ளிப் போட்டு, முதுகில் சுமந்து மேட்டுக்கு ஏத்தியிருக்காங்க. கூடை பிஞ்சா கிராணி காசு பிடிப்பாருன்னு உள்ளே சாக்கை விரிச்சுக்கிட்டாங்களாம். பாட்டி ஒன்பது பேர் பேரைச் சொன்னாங்க, விரல் விட்டு எண்ணி. நம்ம கோயில் வாசல் கல்வெட்டைப் போய்ப் பாருங்க. மண்டோர் பேர் இருக்கு, கிராணி பேர் இருக்கு, சிமெண்டு குடுத்த கடைக்காரர் பேர் இருக்கு. அந்த ஒன்பதில் ஒன்னு கூட இல்லை.

தம்பி மொத்தம் அஞ்சு மணி நேரம் எடுத்திருந்தான். அதை 12 நிமிஷமாக்கணும். நம்ம ஃபேக்டரியில் நாலரை, அஞ்சு கிலோ பச்சைக் கொழுந்து போட்டா ஒரு கிலோ தேயிலை வரும். இவனுக்கு 25 நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம். முதல்ல வெட்டினதுல எல்லாம் இருந்தது, தீபாராதனை, மாலை மரியாதை, ரதம், வாணவேடிக்கை. அவனோட லெக்சரர் பார்த்துட்டு, “இது யாரைப் பத்தின படம்?” என்று ஒரே கேள்விதான் கேட்டாராம். ரெண்டு நாள் தூங்கலை. மூணாவது நாள் அடுக்களையில் இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் திரும்ப அடுக்கியிருக்கான். பாட்டி பேச்சு மட்டும் நாலு நிமிஷம். மாலை மரியாதை மொத்தமும் போயிடுச்சு.

கமிட்டியில் இதுக்குச் சத்தம் போட்டாங்க, மறைக்கலை. உபயக்காரங்க இல்லாட்டி திருவிழா ஏது என்றார் ஒருத்தர். நியாயம்தான். நாங்க சொன்னது: உபயக்காரங்க பேர் நோட்டீஸில் இருக்கு, பேனரில் இருக்கு, மைக்கிலும் சொல்றோம். பூசணிக்காய் நறுக்கினவங்க இருக்கிறது இந்த 12 நிமிஷத்துல மட்டும்தான். கடைசியில் படத்தைத் தொடறதில்லைன்னு முடிவாச்சு. ஒன்பது பேர் பேரைக் கல்வெட்டில் சேர்க்கிற விஷயம் மட்டும் இழுத்துக்கிட்டு இருக்கு. ஆண்டுக் கூட்டத்துல பேசலாம்னு தலைவர் சொல்லியிருக்கார். பாட்டிக்கு வயசாகுது, நாங்க விடப்போறதில்லை.

இன்னொன்னு. அந்தத் தம்பியோட அப்பா எங்ககிட்ட வந்து, “அண்ணே, நீங்க சொன்னா கேப்பான். வீடியோ எடுக்கிறதெல்லாம் கல்யாண வீட்டு வேலை. படிப்பு முடிஞ்சதும் சிங்கப்பூருக்கு ஃபேக்டரி வேலைக்குப் போகச் சொல்லுங்க” என்றார். பி.டி.பி.டி.என். கடன் இருக்கு, தங்கச்சி படிக்கணும். அவர் பயம் பொய்யில்லை. சினிமா சோறு போடும்னு நாங்க வாக்குக் குடுக்க முடியாது, குடுக்கவும் இல்லை. ‘ஜாகட்’ படத்தைப் பாருங்கன்னு மட்டும் சொன்னோம். சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, 2015 டிசம்பரில் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறின குடும்பம், படி படின்னு அடிக்கிற அப்பா, கற்பனை பண்ணத் தெரிஞ்ச அப்போய்ங்கிற பையன். தமிழ் பேசுற அந்தப் படம்தான் 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமா ஜெயிச்சது. அவர் பார்த்தாரான்னு தெரியலை. ஆனா மகன் எடுத்ததை ஃபோனில் நாலு தடவை பார்த்தார். ரதத்துக்கு முன்னாடி தேங்காய் பொறுக்குறவங்கள்ல அவரும் வர்றார், ரெண்டு செகண்டு. “என்னை ஏன்டா எடுத்தே” என்று மட்டும் கேட்டார். சிங்கப்பூர் பேச்சு இன்னும் முடியலை.

இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பூசை முடிஞ்சு 8.30-க்கு மண்டபத்துல பெரிய திரையில் போடுறோம். தம்பி ஈப்போ வழியா பஸ்ஸில் வர்றான். உபயக்காரங்க மாலை மரியாதை வாங்கின பகுதி முழுசா தனியா இருக்கு, பென்டிரைவ் கொண்டுவந்தா காப்பி பண்ணித் தருவான், காசு வேண்டாம். வீட்டில் பழைய கோயில் போட்டோ இருந்தா, முக்கியமா மணல் சுமந்த காலத்துப் போட்டோ, மறக்காம எடுத்துட்டு வாங்க. பாட்டியைக் கூட்டி வர கார் இருக்கிறவங்க ஒருத்தர் நமக்கு மெசேஜ் போடுங்க, மேட்டு வழி ராத்திரியில் வழுக்குது.