உப்புக்குப் பயந்தவன்

திருநெல்வேலி வீட்டைக் காலிசெய்துவிட்டு அம்மா என்னோடு சென்னைக்கு வந்தபோது, நகைப் பெட்டியை ரயில் ஸீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு பீங்கான் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தாள்.

கழுத்து பழுப்பு, வயிறு வெள்ளை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும். உள்ளே உப்பில் ஊறிய எலுமிச்சங்காய். எண்ணெய் கிடையாது, மிளகாய்ப் பொடி கிடையாது, தாளிப்பு கிடையாது. எலுமிச்சை, கல் உப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள். அவ்வளவுதான்.

காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடக்கும்போது இதன் அருமை தெரியும். கஞ்சியில் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரு கீற்றை நாக்கில் வைத்தால் காது வரைக்கும் கூசும். அடுத்த வாய் கஞ்சி தானாக இறங்கும். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், மசக்கையில் யார் வாந்தியெடுத்தாலும், கிண்ணத்தோடு ஒரு பிள்ளை எங்கள் வாசலில் வந்து நிற்கும்.

2022-ல் அம்மாவுக்குத் தலைசுற்றல். பி.பி. எகிறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “ஊறுகாய், அப்பளம், கருவாடு மூணும் கூடாது” என்றார்.

எனக்குக் கணக்கு என்றால் பிடிக்கும். ஒரு கிலோவுக்கு 25 பழம். அதற்குக் கால் கிலோ உப்பு. அப்படியென்றால் சாறோடு சேர்த்து ஒரு பழத்துக்கு 10 கிராம். கால் பழம் தொட்டுக்கொண்டால் இரண்டரை கிராம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிக் கணக்கு ஒரே கீற்றில் முடிந்துவிடுகிறது!

அன்று சாயங்காலமே ஜாடியைக் காலிசெய்து எதிர் ஃப்ளாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கழுவிப் பரணில் ஏற்றினேன். அம்மா “சரிய்யா” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் சமையலறைப் பக்கம் வருவது குறைந்துபோனது. “இன்னிக்கு என்ன குழம்பு?” என்று கேட்பதில்லை. பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள். பி.பி. இறங்கிவிட்டது. எனக்கு அதில் ரொம்பத் திருப்தி.

மழைக்காலத்தில் எலுமிச்சை விலை சரிந்தது. கோடையில் ஒன்று பத்து ரூபாய் விற்ற பழம், தள்ளுவண்டியில் கூறு கட்டிக் கிடந்தது. நாமே போட்டுப் பார்த்தால் என்ன என்று ஆசை வந்தது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவினேன். பழங்களை நறுக்கிப் போட்டேன். உடம்புக்கு நல்லது என்று உப்பைப் பாதியாகக் குறைத்தேன்.

பத்தாம் நாள் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது.

குப்பைக்கூடைக்குக் கொண்டுபோகும்போது அம்மா பார்த்துவிட்டாள். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “பாட்டில ஈரம் போகத் தொடச்சியா? இல்ல. உப்பு எம்புட்டு போட்ட?” சொன்னேன். அந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். “உப்புக்குப் பயந்தவன் உப்புக்காய் போடலாமாய்யா?”

மறுநாள் பரணிலிருந்து ஜாடி இறங்கியது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் எடுபிடி. புளியங்குடிப் பக்கத்துப் பழமாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னாள். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். மார்க்கெட்டில் எல்லாக் கடைக்காரரும் புளியங்குடி என்றுதான் சத்தியம் செய்தார்கள். மெல்லிய தோல், கறுப்புப் புள்ளி கூடாது. கழுவித் துடைத்து ராத்திரி முழுக்கத் துணியில் பரப்பி உலர்த்தவேண்டும். அடி ஒட்டியிருக்கும்படி நாலாகக் கீறி, பிளவுக்குள் உப்பையும் மஞ்சள்தூளையும் அடைக்கவேண்டும். ஜாடியில் நெருக்கமாக அடுக்கி, நாலைந்து பழத்தின் சாற்றை மேலே பிழிந்து, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டவேண்டும்.

தினமும் காலையில் ஈரமில்லாத மரக்கரண்டியால் மேலது கீழே போகும்படிக் கிளறிவிடவேண்டும். இதில்தான் சூட்சுமம். உப்பு, பழத்திலிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. கிருமிக்கும் அதே கதிதான். அதோடு எலுமிச்சையின் புளிப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் சாற்றுக்கு மேலே தலைநீட்டும் துண்டில் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடும். என் பாட்டிலில் நடந்தது அதுதான்.

ஒரு மாதத்தில் தோல் பட்டாய் மெத்தென்றாகிவிடும். அதில் பாதியை எடுத்துப் பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே சாற்றில் போட்டு, சாறு முழுக்க வற்றும்வரை இப்படிச் செய்தால், வருஷக்கணக்கில் கெடாது. நார்த்தங்காய்க்கும் இதே வைத்தியம்தான். அதைச் சுருளாக நறுக்குவார்கள்.

ஒருநாள் டி.வி.யில் மொராக்கோ சமையல். தடித்த தோலுள்ள பெரிய எலுமிச்சையை நாலாகக் கீறி உப்பை அடைத்தார்கள். ஊறியபின் அந்தத் தோலைக் கோழிக்கறியில் ஆலிவ் காயோடு போடுகிறார்கள். “நம்ம வேலையைத்தான செய்யுதான்” என்றாள் அம்மா, அங்கீகாரம் கொடுக்கிற மாதிரி.

முப்பதாம் நாள் ஒரு கீற்றைக் கிண்ணத்தில் வைத்து என்னிடம் நீட்டினாள். “உப்பு எப்படி இருக்கு? சரியாச் சொல்லு. நான் பாக்கக் கூடாதுல்லா?”

கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது. அறுபது வருஷமாகத் தன் நாக்கை மட்டும் நம்பியவள், என் நாக்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் தின்னக்கூடாது என்றுதான் சொன்னார். போடக்கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்டது.

“சரியா இருக்கும்மா” என்றேன். எதிர் ஃப்ளாட், கீழ்வீடு, அக்கா வீடு என்று அவள் பங்கு பிரிக்க ஆரம்பித்தாள். வாட்ச்மேன் மகளுக்கு மசக்கையாம், அவளுக்குத் தனியாக ஒரு கிண்ணம்.

இப்போது வருஷா வருஷம் ஜாடி இறங்குகிறது. போன வாரம் காலையில் கிளறிவிட்டுக் கரண்டியை வைத்தவள், நான் இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலை நாக்கு நுனியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் பேப்பரை நன்றாக அகலமாக விரித்துக்கொண்டேன்.

அரைச் சிட்டிகை கூட இருக்காது. டாக்டரிடம் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.