பன்னிக்கு இல்லை இந்த வில்

தங்கச்சி மகன் நாலு வருசம் கழிச்சு மறுபடியும் வில் பிடிக்கப் போறான். புதுசா காம்பவுண்ட் வில் வாங்கணுமாம். கேள்விப்பட்டதும், "நல்ல வேகமான வில்லா வாங்கு தம்பி, நாலு பன்னியைச் சாய்ச்சிரலாம்" என்கிறார்கள் ஊரில்.

உருளைக்கிழங்குக் காட்டைப் பன்னி உழுதுட்டுப் போன கடுப்பு அவங்களுக்கு. என் கிழங்கும்தான் போச்சு. ஆனாலும் வேண்டாம்னுட்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, துப்பாக்கியோ வில்லோ, வேட்டை குற்றம்தான். அதோடு, அம்பு தைச்ச பன்னி உடனே விழுந்துராது. தேயிலைக்குள்ள போய்ப் படுத்துக்கும். காலையில் கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்க மேல பாயும்.

போட்டிக்குன்னா கணக்கே வேற. 50 மீட்டர் தூரம். இழுவை 60 பவுண்டைத் தாண்டக்கூடாது. வில் முனைகளில் இருக்கிற சக்கரத்தால், முழுசா இழுத்ததும் கைக்கு வர்ற பாரம் பாதிக்கு மேல் குறைஞ்சிடும். நிதானமாகக் குறி பார்க்கலாம். "வேகத்தைப் பார்க்காதே மாப்ளே, உன் கை நீளத்துக்குப் பொருந்துதான்னு பாரு. விட்டுப்போன தோளு, குறைஞ்ச பாரத்தில் ஆரம்பி" என்றேன்.

எங்க மலையில் தோடர்கள் வீட்டிலும் வில் உண்டு. கர்ப்பிணி மனைவிக்குக் கணவர் சின்னதாக ஒரு வில்லும் அம்பும் கொடுப்பார். பிறக்கும் பிள்ளைக்கு அவரே அப்பா என்பதற்கு அதுதான் அடையாளம். உயிரை எடுக்காத வில்லுக்கும் இங்கே மரியாதை இருக்கு.

பன்னிக்கு வேலியைத்தான் இறுக்கிக் கட்டணும்.