அக்சாள் கேட்ட நீரூற்றுகள்

யோசுவாவின் புஸ்தகத்தில் வரும் காலேபை நீங்கள் நன்கு அறிவீர்கள். நாற்பது வயதில் தேசத்தை வேவு பார்த்தவர். எண்பத்தைந்து வயதில், இளைப்பாற ஒரு சமவெளியைக் கேளாமல், ஏனாக்கியர் குடியிருந்த மலைநாட்டைக் கேட்டு வாங்கியவர். அந்த முதிய போர்வீரரைக் குறித்து அநேக பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். ஆனால் அடுத்த அதிகாரத்தில், அவருடைய குமாரத்தியாகிய அக்சாள் வறண்ட நிலத்தோடு நீரூற்றுகளும் வேண்டும் என்று கேட்டதையும், தகப்பன் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஊற்றுகளைக் கொடுத்ததையும் நாம் அதிகம் தியானிப்பதில்லை. பட்டயம் பிடித்த கை முதிர்வயதில் பிள்ளைக்குக் கொடுத்தது தண்ணீரை.

என் தகப்பனார் இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே வாசிப்பார். அவர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணிபுரிந்தவர். 1780இல் தோன்றிய அந்தப் படைக்குப் பாலம் கட்டுவதும், பாதை அமைப்பதும், கண்ணிவெடி அகற்றுவதுமே வேலை. 1971ஆம் ஆண்டின் யுத்தத்தையும் கண்டு, ஓய்வு பெற்றபின் எங்கள் குடும்பத்தோடு சித்தூரில் குடியேறினார்.

சித்தூர் வறண்ட சீமை. நீவா நதியில் மழைக்காலத்தில்தான் நீரோட்டம். மற்ற நாட்களில் மணல். ஏரிகள் பொய்த்தால் ஆழ்துளைக் கிணறுகளே கதி. அந்நாட்களில் தெருமுனைகளில் நின்ற இந்தியா மார்க் 2 கைப்பம்புகள் பழுதானால், பெண்கள் இரண்டு மூன்று தெருக்கள் தள்ளிக் குடம் சுமந்தார்கள். அப்பா ஒரு பழைய தகரப் பெட்டியில் ஸ்பேனர்களும் தோல் வாஷர்களும் வைத்திருந்தார். எந்தத் தெருவிலிருந்து அழைப்பு வந்தாலும் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். பம்பின் கைப்பிடியைத் தொடுமுன் தலைவணங்கி ஜெபிப்பார். கூலி வாங்கியதில்லை. தமிழ் பேசுகிற தெருவா, தெலுங்கு பேசுகிற தெருவா, எந்த ஜாதியார் குடியிருக்கிற தெருவா என்று கேட்டதும் இல்லை. மாலை வேளைகளில், எழுதப் படிக்கத் தெரியாத படைவீரர்களின் விதவைகள் ஓய்வூதியத் தாள்களோடு எங்கள் திண்ணையில் காத்திருப்பார்கள்.

வேலை முடிந்து வருகையில் அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் பெயர் ஒன்று உண்டு: சர் ஆர்தர் காட்டன். சாப்பர்ஸ் படையோடு இணைந்திருந்த மதராஸ் இன்ஜினியர்ஸ் பிரிவின் அதிகாரி அவர். ஆகவே அப்பா அவரை ஏதோ தம் பட்டாளத்து மூத்த அண்ணனைப்போல், "நம்ம காட்டன் துரை" என்பார்.

வாசகரே, அந்த மனிதரின் ஜீவியத்தைச் சற்றே கேளுங்கள். 1803இல் இங்கிலாந்தில் பிறந்து, பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்து இறங்கினார். 1824 முதல் 1826 வரை நடந்த முதலாம் பர்மா யுத்தத்தில் பணிபுரிந்தார். வாலிப வயதிலேயே கர்த்தரைத் தம் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்ட அவர், வேதவாசிப்பையும் ஜெபத்தையும் ஆயுள் முழுவதும் விட்டவர் அல்லர். யுத்தம் முடிந்தபின் அவருக்குக் காவிரியின் பொறுப்பு கிடைத்தது. கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டு போக, தஞ்சைத் தரணி காய்ந்துகொண்டிருந்த காலம் அது. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையை அவர் கூர்ந்து நோக்கினார். ஆழம் அளவிடப்படாத மணலின்மேல் அணை எப்படி நிற்கும் என்பதை, பெயர் தெரியாத பழந்தமிழ்க் கைவினைஞரிடமிருந்து கற்றுக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தைக்கொண்டு 1836இல் முக்கொம்பில் மேலணையையும், கீழே கொள்ளிடத்தில் கீழணையையும் எழுப்பினார்.

பின்பு அவர் கண்கள் கோதாவரியின்மேல் விழுந்தன. 1832, 1833ஆம் ஆண்டுகளின் பஞ்சம் தெலுங்கு நாட்டைச் சூறையாடியிருந்தது. 1821இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமாயிருந்த ராஜமுந்திரி மாவட்டத்து ஜனத்தொகை, 1841இல் ஆறு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. பக்கத்திலே மாநதி, கரையிலே பட்டினி. அவர் எழுதிய அறிக்கைகளின்பேரில் 1847இல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கியது. தீவுகள் இடையிட்ட நான்கு கிளைகளின் குறுக்கே, மூன்றரை கிலோமீட்டருக்கும் நீளமான கல் அணை 1852இல் நிறைவுற்றது. வீணம் வீரண்ணா என்னும் உள்ளூர்ப் பொறியாளர் அவருக்குத் தோள்கொடுத்து நின்றார். வெயிலாலும் காய்ச்சலாலும் காட்டன் பலமுறை நொறுங்கி, இந்தியாவை விட்டுப் போய்த் தேறித் திரும்பினார். இன்று அந்தப் பாசனத்தில் விளையும் நிலம் ஏறக்குறைய பத்து லட்சம் ஏக்கர்.

நாம் நேர்மையாகவும் பேசவேண்டும். அவர் பணிசெய்த கம்பெனி அரசுக்கு அணை என்பது வரி வருமானமும்கூட. ஆனாலும் 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாதுவருஷப் பஞ்சம் விழுங்கியபோது, ரயில் பாதைகளுக்குக் கொட்டிய பணத்தில் கால்வாய்கள் வெட்டியிருந்தால் இந்த உயிர்கள் பிழைத்திருக்குமே என்று தம் அரசாங்கத்தையே எதிர்த்து எழுதியவரும் அவர்தான். 1878இல் பாராளுமன்றக் குழு அவரைக் கடுமையாக விசாரித்தது. எழுபத்தைந்து வயது முதியவர் பின்வாங்கவில்லை. அதன்பிறகும் வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை விளைச்சலைப் பெருக்கும் வழிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். 1899இல், தொண்ணூற்றாறாம் வயதில் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார்.

அவர் மனைவி எலிசபெத்தை 1841இல் மணந்தவர். அவர்களுடைய மகள் லேடி ஹோப், தகப்பன் மரித்த மறு ஆண்டிலேயே அவர் வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார். அக்சாளைப்போல அவளும் தகப்பனிடமிருந்து ஊற்றுகளைப் பெற்றுக்கொண்டாள் என்பேன்.

முதிர்வயதில் அப்பா திருப்பதியில் என் தம்பியின் வீட்டில் தங்கினார். நான் சென்னையில் பிழைப்பு நடத்துகிறவன். ஒருமுறை விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, தவளேஸ்வரத்தைப் பார்க்கவேண்டும் என்றார். திருப்பதியில் இரவு ரயில் ஏறி ராஜமுந்திரியில் இறங்கினோம். பழைய கல் அணைக்குப் பதிலாக இப்போது நிற்கும் தடுப்பணைக்கும் காட்டனின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு விவசாயி, அவர் சிலைக்கு மாலை போட்டுவிட்டு வந்தார். அப்பா அவரிடம் தெலுங்கில், "ஆயனகு காது, தேவுனிகி ஸ்தோத்திரம்" என்று மெல்லச் சொன்னார். அவர் சிரித்து, "இத்தரிகீ" என்றார். மனிதரைத் தொழக்கூடாது என்பதில் அப்பா உறுதியானவர். ஆனால் நன்றியுள்ள ஒரு மனிதரைக் கடிந்துகொள்ள அன்று அவருக்கு மனம் வரவில்லை. அணைமேல் நீண்ட நேரம் நின்றிருந்துவிட்டு, "பட்டாளத்தில் நான் கட்டிய பாலங்களை யுத்தம் முடிந்ததும் நாங்களே கழற்றி எடுத்துவிடுவோம். இது கழற்ற முடியாதது" என்றார்.

அவருடைய கடைசி மாதங்களில் ஸ்பேனரைத் தூக்கவும் பெலன் இல்லை. தகரப் பெட்டியை மூத்த மகனாகிய எனக்குத் தருவார் என்றே எண்ணியிருந்தேன். அவரோ தெருவில் தம்மிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு தெலுங்கு வாலிபனை அழைத்துப் பெட்டியை அவன் கையில் வைத்து ஜெபித்தார். அன்றிரவு என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். "நீ எழுதுகிறவன். உனக்கு ஊற்று வேறே இடத்தில் இருக்கிறது. நான் சொல்லுகிறதை எழுதிக்கொள்" என்றார். அதுமுதல் சனி ஞாயிறுகளில் பேருந்தேறித் திருப்பதிக்குச் சென்று, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். படைமுகாமின் ஜெபக்கூட்டம், பனிமலைக் காவல், திண்ணையில் அழுத விதவைகள், எந்தப் பம்பில் எத்தனை அடியில் தண்ணீர் என்ற கணக்கு, இவையெல்லாம் நிறைந்த இரண்டு நோட்டுப் புத்தகங்கள் என்னிடம் உண்டு. அந்த வாலிபன் இன்றும் பெட்டியோடு தெருத்தெருவாய்ப் போகிறான். மேற்புறத்து ஊற்றும் கீழ்ப்புறத்து ஊற்றும் இரண்டு பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன.

பிரியமானவர்களே, ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த நமக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது. 1983இல் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தின்படி, கிருஷ்ணா நீர் கண்டலேறு அணையிலிருந்து இன்றைய திருப்பதி மாவட்டத்தைக் கடந்து பூண்டிக்கு வருகிறது. 1996இல் அது முதன்முதலாகத் தமிழகத்தை எட்டியது. சென்னையில் நீங்கள் அருந்தும் ஒரு குவளைக்குப் பின்னாலும், முகம் தெரியாத எத்தனையோ பேருடைய முதுகு வளைந்திருக்கிறது.

உங்கள் தகப்பனோ, தாத்தாவோ, சபையின் மூத்த சகோதரரோ சித்தூரிலோ திருநெல்வேலியிலோ தனித்திருக்கக்கூடும். மாதந்தோறும் பணம் அனுப்புகிறீர்கள், அது நல்லது. அடுத்த முறை போகும்போது அக்சாளைப்போல வாகனத்தைவிட்டு இறங்கி, அவர்களருகே உட்கார்ந்து கேளுங்கள். எந்தச் சோதனையில் கர்த்தர் தாங்கினார், யாருக்கு எதைச் செய்தீர்கள், இன்னும் எதைச் செய்ய ஆசை என்று கேளுங்கள். அவர்களுக்கு இன்னும் ஒரு மலைநாடு வேண்டியிருக்கலாம். உங்களுக்குத் தர ஊற்றுகளும் இருக்கலாம். முதிர்வயதிலும் கனிதரும்படி அவர்களை நாட்டிய தேவன், நம்மையும் அப்படியே நடத்துவாராக. ஆமென்.