செட்டியாரம்மாவுக்குக் கண் வைத்த கதை

கோபிசெட்டிபாளையம் என்றதும் நிறைய பேருக்கு சினிமா ஷூட்டிங் தான் ஞாபகம் வரும். வாய்க்கால் ஓரம் வண்டி போகும், கொடிவேரியில் ஹீரோயின் நனைவார், பச்சை வயலுக்கு நடுவே நாட்டாமை தீர்ப்பு சொல்வார். அதெல்லாம் பெரிய சமாச்சாரம். இங்கே சொல்ல வருவது ஒன்பது அங்குல உயரத்தில் நடந்த ஒரு சின்ன சமாச்சாரம்.

அந்த ஊரில் ஒரு தறிக்காரர் வீடு. அப்பத்தா, பேரன், ஒரு அட்டாலி நிறைய கொலு பொம்மைகள். பேரன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்தவன். 2020 லாக்டவுனில் எல்லோரும் ஏதோ ஒன்று கற்றுக்கொண்டார்களே, சிலர் கேக் செய்தார்கள், சிலர் கிடார் வாங்கி மூலையில் வைத்தார்கள். இவன் குட்டி உருவங்களுக்கு வண்ணம் பூசக் கற்றுக்கொண்டான்.

இது ஏதோ புது வியாதி என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் ஈயத்தில் சிப்பாய் பொம்மை வார்த்து வண்ணம் பூசுவது பழைய தொழில். 1893-இல் இங்கிலாந்தில் பிரிட்டன்ஸ் கம்பெனி உள்ளே வெற்றிடமாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்ததும் ஈயம் மிச்சமாகி விலை குறைந்தது, சாதாரண வீட்டுப் பையன்கள் கையிலும் பட்டாளம் சேர்ந்தது. எச்.ஜி.வெல்ஸ், ஆமாம், கால இயந்திரம் எழுதிய அதே வெல்ஸ், இந்தச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி விளையாட விதிமுறைகள் வகுத்து 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு புத்தகமே போட்டார். அந்த வழியில் வந்ததுதான் 1983-இல் தொடங்கிய வார்ஹாமர் விளையாட்டு. இப்போது உலகம் முழுக்க விளையாடவே விளையாடாமல், வண்ணம் பூசுவதற்காக மட்டும் உருவங்கள் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். 28 மில்லிமீட்டர் என்றால் கட்டைவிரல் நுனிக்கணு அளவு. கொஞ்சம் பெரிது வேண்டுமென்றால் மார்பளவு உருவங்கள், பஸ்ட் என்பார்கள்.

கோபியில் இதற்குக் கடை ஏது? பேரன் பார்சலில் வரவழைத்தான். பெயின்ட்டுக்குக் கட்டுப்படியாகாமல் பெவிக்ரில் துணி பெயின்ட்டையும் கேம்லின் டப்பாவையும் தண்ணீர் விட்டு நீர்த்து ஓட்டினான். மூன்று சைபர் போட்ட பிரஷ். தட்டுக்குப் பதில் அப்பத்தாவின் பழைய எவர்சில்வர் மூடி.

இந்தக் கலையின் அடிப்படை ரகசியம் ஒன்றுதான். உருவத்தைச் சின்னதாக்கலாம், வெளிச்சத்தைச் சின்னதாக்க முடியாது. நிஜ மனிதன் மீது வெயில் விழுந்தால் புருவத்துக்குக் கீழே, மூக்கோரத்தில், வேட்டி மடிப்பில் நல்ல நிழல் விழும். அதே மனிதனைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினால் பள்ளங்களும் சுருங்கிவிடும், நிழல் பத்தாது, உருவம் தட்டையாகத் தெரியும். அதனால் பூசுகிறவரே பொய் நிழல் போட வேண்டும். முதலில் கறுப்பாகப் பூசி, தலைக்கு மேலிருந்து வெயில் விழுவதுபோல வெள்ளையைத் தூவுவது ஒரு வழி. நீர்த்த கறுமை வண்ணத்தை மேலே விட்டால் அதுவே ஓடிப்போய்ப் பள்ளங்களில் தங்கிக்கொள்ளும், அது இன்னொரு வழி. பிரஷைக் கிட்டத்தட்ட காயத் துடைத்துவிட்டு மேட்டுப் பகுதிகளில் மட்டும் தேய்ப்பது மூன்றாவது. இந்த ஆட்கள் தங்க நகைக்குக்கூடத் தங்கப் பெயின்ட் போட மாட்டார்கள். பழுப்பு, மஞ்சள், நடுவில் ஒரு பொட்டு வெள்ளை. போட்டோவில் பார்த்தால் தங்கமாகவே மின்னும்.

இதெல்லாம் இரண்டு வருஷத்தில் பேரனுக்குக் கைவந்துவிட்டது. கை வந்தால் தலையும் கூடவே வருமே! 2022 புரட்டாசியில் அட்டாலியிலிருந்து கொலுப் பெட்டி இறங்கியபோது, “அப்பத்தா, இந்தத் தடவ பொம்மையெல்லாம் நான் புதுசாக்கித் தாரேன்” என்றான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொங்குப் பக்கம் எல்லா வீட்டிலும் கொலு வைக்கும் பழக்கம் கிடையாது. காட்டு வேலை செய்கிற கிராமத்து வீடுகளில் பாதி பேர் இன்றைக்கும் கொலுவை அடுத்த வீட்டில் போய்த்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு வண்ணம் பூசிய மண் உருவம் என்றால் கோயில்தான். கருப்பணசாமி குதிரை, கன்னிமார் ஏழு பேர். உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்தில் போனால், மாடு கன்றுக்கு நோய் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு சின்னச் சின்ன மண் மாடுகளை வாங்கி வைத்துவிட்டு வருகிற ஜனத்தைப் பார்க்கலாம். உருவாரம் என்று அதற்குப் பெயர். வைத்துவிட்டு வந்தபின் அதற்கு மறுபூச்சு பற்றி யாரும் யோசிப்பதில்லை. மழையில் கரைந்தால் கரையட்டும், அடுத்த வருஷம் வேறு. கொலு பொம்மை அப்படி இல்லை. அது ஒவ்வொரு வருஷமும் துணியில் சுற்றப்பட்டு, அடுத்த வருஷம் அதே முகத்தோடு வெளியே வர வேண்டிய ஒன்று.

அந்தப் பெட்டியில் ரொம்பப் பழசு செட்டியார் ஜோடி. பெரிய தொந்தியோடு செட்டியார், பக்கத்தில் செட்டியாரம்மா, முன்னால் குட்டிக் கிண்ணங்களில் நிஜ அரிசி பருப்பு வைத்துக் கடை பரப்புவார்கள். கொலு பார்த்த எல்லோருக்கும் இந்த ஜோடியைத் தெரியும். இது அப்பத்தாவின் அம்மா வாங்கி, கல்யாணத்தில் சீரோடு வந்தது. பண்ருட்டி பொம்மை என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஊர்ப் பொம்மைகள் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் அச்சு வைத்துச் செய்யப்படுபவை. முன் பாதி பின் பாதி தனித்தனியாக எடுத்து, ஒட்டி, காயவைத்து, மண் என்றால் சுட்டு, மேலே வெள்ளைப் பூச்சு கொடுத்து, அதன் மேல் வண்ணம்.

அந்த வண்ணத்தில்தான் வினை. பழைய பொம்மைகளில் பல, பசை கலந்த தூள் வண்ணம் பூசியவை. தண்ணீர் பட்டால் கரையும். வயதான யாரைக் கேட்டாலும் “கொலு பொம்மையை ஈரத்துணியில தொடைக்காதே” என்று முதலில் சொல்வார்கள். பேரன் யாரையும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் உருவங்களை வண்ணம் பூசுமுன் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், அது அவனுக்குப் பழகிப்போன முதல் படி. அதே கையோடு செட்டியாரம்மாவின் முகத்தில் ஈரத்துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். இடது கண் துணியோடு வந்துவிட்டது. இன்னொரு இழுப்பில் புடவையின் முந்தானையில் பாதி.

அப்பத்தா திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “எங்கம்மா வருஷா வருஷம் மயிலிறகுல தட்டி வெப்பாங்க கண்ணு” என்று மட்டும் சொன்னார். பேரன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்று கேள்வி.

சரி செய்தாக வேண்டும். முதலில் புடவை. என்ன நிறம்? இருந்த ஒரே போட்டோ கறுப்பு வெள்ளை. துணியில் ஒட்டிய வண்ணம் சேறு மாதிரி இருந்தது. மிச்சம் இருந்த முந்தானையோ அறுபது வருஷப் புகையும் தூசியும் ஏறி என்ன நிறம் என்றே சொல்ல முடியாத நிறம். அப்பத்தா “அரக்கு” என்றார். சத்தியமங்கலத்திலிருந்து வந்த அவர் தங்கை, சின்ன அப்பத்தா, “அரக்கா? கத்தரிப்பூக் கலரு அக்கா அது” என்றார். இரண்டு பேரும் நூல் சாயத்தோடு பிறந்து வளர்ந்தவர்கள். மாம்பழக் கலருக்கும் மஞ்சளுக்கும், கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவனை மனுஷனாகவே மதிக்காத தலைமுறை. ரெண்டு நாள் சண்டை. கடைசியில் பேரன் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கம் டார்ச் அடித்தான். புடவை ஓரம் பீடத்தோடு சேரும் மடிப்பில், வெளிச்சமும் புகையும் படாத ஒரு நகக்கண் அளவு இடம். அரக்கு. சின்ன அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, “அடியில அரக்கு, மேல கத்தரிப்பூ” என்று சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போய்விட்டார்.

புடவை ஒப்பேறியது. கண்தான் நிஜமான பரீட்சை.

நம் ஊர்ச் சிற்ப மரபில் கண்ணுக்குத் தனி மரியாதை. விக்கிரகம் முழுக்க முடிந்தபின் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள், நாள் நேரம் பார்த்து. இலங்கையில் புத்தர் சிலைகளுக்கு இது இன்னும் தீவிரம். நேத்திர மங்கல்ய என்பார்கள். கண் எழுதுகிற கலைஞன் சிலையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே எழுதுவான், அந்த முதல் பார்வை மனிதன் மேல் விழக்கூடாது என்று. ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வந்த தன் சிங்களக் கலை நூலில் இந்தச் சடங்கை விவரித்திருக்கிறார். குட்டி உருவக்காரர்களில் நிறைய பேர் தலைகீழ். கண்ணை முதலில் முடித்துவிடுவார்கள். காரணம் பக்தி அல்ல, சௌகரியம். கோடு தடிமனாகப் போனால் தோல் நிறத்தை வைத்து ஓரத்தை வெட்டிச் சரி செய்துகொள்ளலாமே.

பேரன் தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினான். இமைக்குக் கீழே நிழல், கருவிழியில் பழுப்பு வளையம், ஓரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம். கன்னத்திலும் மூக்கோரத்திலும் லேசாகக் கறுமை. மூக்குத்திக்குப் பழுப்பு, மஞ்சள், வெள்ளை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அசந்துபோகும் வேலை. போட்டோ எடுத்துப் பெங்களூர் நண்பனுக்கு அனுப்பினான். அங்கிருந்து ஏகப்பட்ட பாராட்டு.

அப்பத்தா பொம்மையைக் கொலுப்படியில் வைத்துவிட்டு, ஆறடி தள்ளிப் பாயில் உட்கார்ந்தார். “மூஞ்சியில என்ன சாமி கரி?”

கரி இல்லை அப்பத்தா, நிழல் என்று விளக்கினான். “நெழலு விளக்கு வெச்சா தானா உழுகும். நீ எதுக்கு உழுக வெக்கிறே? மூக்குத்திக்குத் தங்கமே காணோம், காப்பிக் கலர் அடிச்சிருக்கறே. கண்ணு யாரோ சினிமாக்காரி கண்ணாட்ட இருக்குது.”

கோபம் வந்தது அவனுக்கு. ஆனால் அவனும் போய் ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்த்தான். நிஜமாகவே கரி மாதிரிதான் இருந்தது.

விஷயம் இதுதான். அவன் கற்ற கலை ஒரு அடி தூரத்தில், டேபிள் லேம்ப்புக்குக் கீழே, கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்கானது. பண்ருட்டியில் பூசியவருக்கு இந்தப் பொம்மை எங்கே நிற்கும் என்று தெரியும். ஒற்றைப்படையில் அடுக்கிய படியில், குத்துவிளக்கு வெளிச்சத்தில், கீழே பாயில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர் கண்ணுக்கு. அதனால்தான் அந்தக் கண்கள் அவ்வளவு பெரிது, கோடுகள் அவ்வளவு தடிமன், நகைக்கு நிஜத் தங்கப்பூச்சு. விளக்கு அசைய அசைய அதுவே மின்னும், நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்து யாரும் ஏமாற்ற வேண்டாம். இத்தனை வருஷமாக இந்தப் பொம்மைகளை ‘கொஞ்சம் கரடுமுரடான வேலை’ என்றே அவன் நினைத்திருந்தான். (ஓவியம் தெரிந்த நிறைய பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு நாள் தரையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.)

கண்ணை அழித்தான். இந்தத் தடவை உலர்ந்த பஞ்சும் பொறுமையும். மிச்சமிருந்த வலது கண்ணைப் பூதக்கண்ணாடியில் அரை மணி நேரம் பார்த்தான். மொத்தமே மூன்று இழுப்பு. மேல் இமைக்கு மூக்கிலிருந்து காது நோக்கி ஒரு வீச்சு, நடுவில் தடித்து நுனியில் மெலியும். கீழே ஒரு மெல்லிய கோடு. நடுவே ஒரு கறுப்புப் பொட்டு, மேல் இமையைத் தொட்டுக்கொண்டு. இழுப்பில் தயக்கமே இல்லை. பூசியவர் அன்றைக்கு அதேபோல் எத்தனை கண் எழுதினாரோ.

மூன்று இழுப்புதானே என்று உட்கார்ந்தவனுக்கு மூன்று நாள் போனது. மெதுவாக இழுத்தால் கோடு நடுங்கியது. வேகமாக இழுத்தால் காதுக்குப் போனது. பழைய நோட்டின் பின்பக்கம் முழுக்கக் கண் கண்ணாக எழுதித் தள்ளினான். பார்க்கவே பயமாக இருக்குமாம். ஒவ்வொரு தடவையும் பொம்மையைப் படியில் வைத்து, ஓடிப்போய்ப் பாயில் உட்கார்ந்து, திரும்ப எடுத்து வந்து... நாலாவது கண் நின்றது.

அப்பத்தா வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “முந்தி இவ கல்லாப்பெட்டியப் பாத்துட்டு இருந்தா. இப்ப நம்மளப் பாக்கறா.” பொட்டு ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்துவிட்டது போல. பேரன் பிரஷை எடுக்கப் போனான். “இருக்கட்டும் உடு” என்றார். “செட்டியாரு மேல மட்டும் கை வெச்சுராதே.”

செட்டியாருக்கு ஒரு காது பாதி போய்விட்டது, தொந்தியில் பொரிந்து வெள்ளைப் பூச்சு தெரிகிறது. அப்படியே பளபளக்கும் மனைவி பக்கத்தில் ஒன்பது நாளும் உட்கார்ந்து பருப்பு விற்றார். கொலு பார்க்க வந்த குழந்தைகள் அவரை மாமனார் என்று நினைத்துக்கொண்டன.

கடைசியில் ஒரே ஒரு தகராறு பாக்கி. குட்டி உருவக்காரர்கள் மினுங்காத வார்னிஷ்தான் அடிப்பார்கள். அப்பத்தாவுக்கு மினுங்கியே ஆக வேண்டும். “நோம்பிக்கு நிக்கறவ மங்கலாவா நிப்பா?” ஊரில் கிடைத்த மர வார்னிஷை வாங்கி அடித்தான். புரட்டாசி மழை ஈரத்தில் அது காய்வேனா என்றது. விஜயதசமி ராத்திரி வழக்கம்போல ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும், எப்போதும் மரப்பாச்சிதான். அந்த வருஷம் அப்பத்தா செட்டியாரம்மாவை எடுத்தார். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. துணி விரிக்காமல், ஒரு வாழையிலைத் துண்டில் மல்லாக்கப் படுக்க வைத்தார்.