வல்லிசை பற்றி ஒரு வழக்கு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியர் ஒருவரிடம் அவர்கள் எதிர்பார்க்கும் பொருள் யாதென்பதை நாம் அறியாமலில்லை. ஒற்று மிகும் இடங்கள் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடை பற்றியோ எழுதியிருப்பின் அவர்களும் மகிழ்ந்திருப்பர்; எமக்கும் பிரயாசை குறைந்திருக்கும். ஆயினும் அண்மைக் காலத்தில் எம் சிந்தையை விட்டு நீங்காதிருந்த பொருள் வேறொன்று. அது மேனாட்டாரின் 'ஹெவி மெற்றல்' என்னும் இசை. பழைய மாணவருள் முதியோர் சிலர் இப்பக்கத்தை மெல்லப் புரட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குச் செல்வாராயின் நாம் குறைகூறோம்.

2024 ஆம் ஆண்டு மூன்றாந் தவணையில் ஒருநாள், விவாத மன்றப் பயிற்சி முடிந்ததும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வீடு செல்ல வழியின்றி உயர்தர வகுப்பு மாணாக்கர் மூவரும் நாமும் விறாந்தையில் நின்றோம். சற்று முன்னர் மன்றத்தில் எழுதி வைத்து வாசித்த வாதங்களிலே இல்லாத உயிர் அப்பொழுது அவர்கள் பேச்சிலே பிறந்தது. எந்த மெற்றல் இசை மெய்யாகவே 'புரூட்டல்' என்பதே வழக்கு. வாதம் முற்றி, எம்மை நடுவராக இருக்குமாறு கேட்டனர். "சேர், உங்களுக்கு இதைப்பற்றி ஒண்டும் தெரியாது. அதாலை நீங்கள்தான் சரியான நடுவர்" என்றான் ஒருவன். நடுவுநிலைமைக்கு இப்படியும் ஓர் இலக்கணம் உண்டென்பதை அன்றுதான் கற்றோம்.

மூவருள் ஒருவன் மட்டும் வாய் திறவாது மழையைப் பார்த்து நின்றான். ஒரு மாதத்துக்கு முன் இடைவேளையின்போது அவனுடைய ஹெட்செற்றைப் பறித்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இசையா, இரும்புப் பட்டறைச் சத்தமா?" என்று வகுப்பார் முன்னிலையில் நகையாடியிருந்தோம். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அன்றுதொட்டு எம்முடன் வேண்டாத சொல் ஒன்றும் பேசுவதில்லை.

முதலில் சொல்லை ஆராய்ந்தோம்; தமிழாசிரியர் வேறென் செய்வர்? கொடூரம், குரூரம், மூர்க்கம், வன்மை என எத்தனையோ சொற்கள் எம்மிடம் உள. ஆனால் அவையெல்லாம் வசைச்சொற்கள். இளைஞர்க்கோ 'புரூட்டல்' என்பது புகழ்ச்சொல். இதனைக் கேட்டு வியப்பதற்கில்லை. "பயங்கரமான பாட்டு" என்று எம் வீடுகளிலும் புகழ்கின்றோமல்லவா? வைதல் போலப் புகழ்வது எமக்குப் புதிதன்று.

முதலாமவன் வேகத்தின் பக்கம் நின்றான். ஸ்லேயர் என்னும் அமெரிக்கக் குழுவினர் 1986 இல் வெளியிட்ட 'ரெயின் இன் பிளட்' இசைத்தட்டில் பத்துப் பாடல்கள்; மொத்தமும் அரைமணி நேரத்துள் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு, இங்கிலாந்தின் நேபாம் டெத் என்னுங் குழுவினர் 'ஸ்கம்' என்ற ஒரே இசைத்தட்டில் 28 பாடல்களை அடைத்தனர். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ ஒரு வினாடியே ஒலிப்பது. உலகிற் குறுகிய பாடலெனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. பறையறைவோர் இரு கையும் இரு காலும் கொண்டு, சிறு மேளத்தையும் பெருமேளத்தையும் மாறிமாறி இடைவெளி தோன்றாதவாறு அடிப்பர். இதற்குப் 'பிளாஸ்ற் பீற்' என்று பெயர். கைபேசியில் ஒரு துண்டு கேட்பித்தான். எமக்குத் தொல்காப்பியச் செய்யுளியலின் முடுகு வண்ணம் நினைவுக்கு வந்தது. அதனைச் சொன்னோம். மாணாக்கர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

இரண்டாமவன் சொல்லின் பக்கம் நின்றான். 1988 இல் நியூயோர்க் மாநிலத்துப் பபலோ நகரில் தோன்றிய கனிபல் கோர்ப்ஸ் குழுவை எடுத்துக்காட்டினான். பெயரே பிணந்தின்னலைப் பேசுவது. அவர்களுடைய முதன்மூன்று இசைத்தட்டுகளின் பாடல்களை மேடையிற் பாடுதல் ஜேர்மனியில் 2006 வரை தடுக்கப்பட்டிருந்தது. அரசொன்று அஞ்சித் தடைசெய்த பாட்டைவிடக் கொடியது வேறு உண்டோ என்பது அவன் வாதம். பாட்டைக் கேட்டோம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. குரல்நாண்களுக்கு மேலுள்ள போலி மடிப்புகளையும் அதிரச்செய்து உறுமும் குரல் அது. அதற்கும் நெடும்பயிற்சி வேண்டுமாம். "தம்பி, சொல் காதில் விழாதபோது கொடுமை சொல்லில் இருப்பதெங்ஙனம்?" என்று வினவினோம். பாடல் வரிகளைத் தேடியெடுத்து, மொழிபெயர்த்து உரக்க வாசிக்கத் தொடங்கினான். மூன்றாவது வரியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, மற்றவனும் சிரித்தான்.

அவர்கள் சிரித்ததை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அடும் பகுதி உண்டு. குருதியும் மூளையும் அங்கே அரிசியும் தயிரும் போலப் புழங்குகின்றன. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் அதனைப் படித்து அஞ்சியதாகத் தெரியவில்லை. நகைத்தும் சந்தத்தை வியந்துமே வந்துள்ளனர். குருதி அளவுக்கு மிஞ்சினால் அச்சம் நகையாக மாறிவிடுகின்றது. இவ்வகையில் சயங்கொண்டார் கனிபல் கோர்ப்ஸுக்கு மூத்தவர் என்று நாம் சொல்லவே, இரண்டாமவன் தன் கட்சி வென்றதாகக் கருதி ஆரவாரித்தான். தோற்றதென்பதை விளக்கப் பொழுது சென்றது.

அப்பொழுதுதான் மூன்றாமவன் திரும்பினான். "சேர் இதைக் கேட்டுப் பாருங்கோ" என்று, நாம் அன்று பறித்த அதே ஹெட்செற்றை நீட்டினான். பிளாக் சபாத் என்னும் குழுவினர் 1970 பெப்ரவரி 13 ஆந் திகதி வெளியிட்ட முதல் இசைத்தட்டின் முதற்பாட்டு. குழுவின் பெயரே இசைத்தட்டுக்கும் பாட்டுக்கும் பெயர். முதலில் மழை ஒலிக்கின்றது. வெளியே பெய்யும் மழையோ என மயங்கினோம். தொலைவில் ஆலயமணி ஒன்று. பின்னர்க் கிற்றாரில் மூன்றே சுரங்கள், மிக மெல்ல. மூன்றாவது சுரம் நடுங்கிக்கொண்டே நிற்கின்றது. அதன்பின் ஓர் இடைவெளி. மீண்டும் அதே மூன்று.

மறுநாள் ஆசிரியர் அறையில் சங்கீத ஆசிரியையிடம் இதனைக் கேட்பித்தோம். சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்து, "சட்சம், மேற்சட்சம், பிரதி மத்திமம், வேறொன்றுமில்லை" என்றார். மேனாட்டார் அச்சந்தரும் இடைவெளியென ஒதுக்கிய இச்சுரக் கூட்டு எமக்கு அந்நியமன்று. கல்யாணி இராகத்தில் நாள்தோறும் கேட்பதே. எனில் கல்யாணி மங்கலமாகவும் இது அமங்கலமாகவும் ஒலிப்பதேன்? "எங்களுக்குத் தம்புராவிலை பஞ்சமம் எப்பவும் பக்கத்திலை நிக்கும். மத்திமம் போய்ச் சேர ஓர் இடம் இருக்கு. இதிலை பஞ்சமமே இல்லை" என்றார் அவர். போய்ச் சேர இடமில்லாச் சுரம். இதனினும் சிறந்த விளக்கத்தை இன்றுவரை நாம் படித்திலோம்.

அக்கிற்றாரை இசைத்தவர் ரோனி ஐயோமி, பேர்மிங்ஹாம் நகரத்தவர். 1965 இல், 17 வயதில், தகட்டு இரும்புத் தொழிற்சாலையில் வேலையை விட்டு நீங்கும் கடைசி நாளன்று, இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். இடக்கை வாசிப்பாளராதலின் தந்திகளை அழுத்தும் விரல்கள் அவையே. பிளாத்திக்குப் போத்தலொன்றை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசிக்கப் பழகினார். 1971 இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டிற் சில பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் தாழ்த்தித் தளர்த்தினார். விரலுக்கு நோவு குறைந்தது; ஒலியோ முன்னையினும் கனத்தது. பின்வந்த குழுக்கள் பலவும் அத்தாழ்ந்த சுருதியையே கைக்கொண்டன. 'இரும்புப் பட்டறைச் சத்தம்' என்று நாம் நகையாடியது எத்துணை உண்மை என்பதையும், அதனைச் சொல்லும் தகுதி எமக்கு எத்துணையும் இல்லை என்பதையும் இவ்வரலாற்றை அறிந்த அன்று உணர்ந்தோம். அவன் அறிந்தே வாளாவிருந்திருக்கின்றான்.

விறாந்தைக்கு மீள்வோம். மூன்று சுரங்களுக்கும் அடுத்த மூன்றுக்கும் இடையே எம்மையறியாமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். கை நடுங்கியது. அதனை அவன் கண்டுகொண்டான். "என்ன சேர்?" என்றான்.

வகுப்பில் நாம் சொல்லாத ஒன்றை அன்று சொன்னோம். 1995 ஆம் ஆண்டு எமக்கு 14 வயது. வலிகாமத்தை விட்டு எல்லோரும் ஒரே இரவில் நடந்ததற்கு முந்திய கிழமைகள். வீட்டுக் கோடியிற் பனங்குற்றி அடுக்கி மூடிய பதுங்குகுழியில் இருப்போம். தொலைவில் ஓயாது பொரியும் துப்பாக்கிச் சத்தம் எமக்குப் பழகிவிட்டிருந்தது. அதனைக் கேட்டுக்கொண்டே உறங்கியும் இருக்கின்றோம். முதலாமவன் கேட்பித்த பிளாஸ்ற் பீற் அதனை ஒத்தது. அதனால் எமக்கு ஒன்றும் ஆகவில்லை. எறிகணை அப்படியன்று. புறப்படும்போது 'தொம்' என்று ஓர் ஒலி. பின்னர் ஒன்றுமில்லை. அப்பாச்சி உடனே எண்ணத் தொடங்குவார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." எங்கே விழுமென்று அறியாத அந்த எண்ணிக்கைதான் கொடிது, விழுந்தபின் ஒருவகை ஆறுதல்கூட வந்துவிடும். ஒருநாள் பதினொன்றில் அவர் நிறுத்தினார். விழுந்தது அடுத்த வளவில்.

மாணாக்கர் மூவரும் 2009 இல் மழலைகள். ஒருவரும் ஒன்றுங் கேட்கவில்லை.

தீர்ப்பை நாம் சொல்லியேயாகவேண்டும் என்று முதலாமவன்தான் பிறகு நினைவூட்டினான், நல்ல பிள்ளை. சொன்னோம். வேகம் அடிப்பவனுடைய வெகுளி, அச்சம் காத்திருப்பவனுடையது. மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் இவ்விரண்டையும் வேறுவேறாகவே வைத்தார். ஓர் இசை வன்மையுடையதா என்பதை அடிப்பவன் கையை வைத்துத் துணிதல் கூடாது. அடிபடுபவன் காதை வைத்தே துணிதல் வேண்டும். ஆதலின் மூன்றாமவன் கட்சிக்கே தீர்ப்பு.

ஏனைய இருவரும் உடனே மேன்முறையீடு செய்தனர். சஃபக்கேசன் என்னும் நியூயோர்க் குழுவினரின் 1991 ஆம் ஆண்டு இசைத்தட்டைக் காட்டி, உச்ச வேகத்தில் ஓடி, திடீரெனத் தேர்வடம் இழுப்பது போலக் கனத்து மெதுவாகும் இடங்களைச் சுட்டி, வேகம் இன்றேல் அம்மெதுவுக்கு ஏது வன்மை என்றனர். வல்லினம் தனித்து நின்று வல்லினமாவதில்லை, மெல்லினம் பக்கத்தில் நிற்பதால் அன்றோ என்று எம் பாடத்தையே எமக்குத் திருப்பினர். மறுக்க இயலவில்லை. பாதித் தீர்ப்பை மாற்றி எழுதினோம். மழையும் விட்டது.

மூன்றாமவன் மட்டும் துவிச்சக்கர வண்டியை எடுக்கும்போது, "பிறகு ஏன் சேர் கடைசிவரை கேட்டியள்? கழட்டியிருக்கலாமே" என்றான். இங்கே அடுத்த அடி எங்கே விழுமென்று எண்ணி அறிந்துகொள்ளலாம் என்றோம். சற்று யோசித்துத் தலையசைத்துச் சென்றான். வகுப்பில் நகையாடியதற்கு வருத்தந் தெரிவிக்கவேண்டும் என்ற எண்ணம் அப்பொழுது வந்தது. வகுப்பில் சொன்னதை வகுப்பிலேதான் மீளப் பெறவேண்டும் என்று, மறுநாள் முதற் பாடவேளையில் அதனைச் செய்தோம்.

அவன் பரீட்சை எழுதிக் கல்லூரியை விட்டு நீங்கினான். 2025 யூலை 22 ஆந் திகதி, பிளாக் சபாத்தின் பாடகர் ஓசி ஒஸ்போண் காலமானார். 17 நாட்களுக்கு முன்னரே தம் பிறந்த ஊரில், நால்வரும் ஒருங்கே கூடிய கடைசி மேடையில், எழ மாட்டாது ஆசனத்தில் இருந்தபடி பாடியிருந்தார். செய்தி எமக்கு எட்டிய இரவு கைபேசியில் அப்பாட்டு வந்திருந்தது. கீழே ஒரு வரி: "சேர், எண்ணிப் பாருங்கோ."

விளக்கை அணைத்துவிட்டு எண்ணினோம்.