உரக்கடை காலண்டர்

மே 22
அப்பாவுக்குப் பால் தெளித்துவிட்டு, அஸ்தியைத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் கரைத்தோம். கரைத்தோம் என்று எழுதுவதே பொய். கல்லணைக்குக் கீழே இப்போது காவிரி வெறும் மணல். ஊற்றுத் தோண்டி, கசிந்த தண்ணீரில் கலயத்தைக் கவிழ்த்தோம். பாப்பா படியிலேயே நின்று பார்த்தாள். எட்டு வயது. அழவில்லை.

மே 24
துக்கம் கேட்க வந்த அத்தை, "தாத்தா ஊருக்குப் போயிருக்காங்கடி செல்லம்" என்றார்.

"எந்த ஊருக்கு? எத்தனை நாள்ல வருவாங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்பா வளர்த்த பிள்ளை, கணக்குக் கேட்காமல் விடாது.

மே 29
ரேடியோவை யாரும் போடுவதில்லை. திருச்சி நிலையம், 936 கிலோஹெர்ட்ஸ். அந்த முள்ளை அப்பா நகர்த்தியதே இல்லை. செய்தியில் மேட்டூர் நீர்மட்டம் சொல்லும்போது வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது. கண்ணில் புரை விழுந்தபின் எழுதுகிற வேலை பாப்பாவுடையது. உரக்கடை காலண்டரில், தேதிக் கட்டத்துக்குள், பென்சிலால். அணை நிரம்பி 120 அடி என்று எழுதுகிற அன்று அவளுக்குப் பத்து ரூபாய்.

மே 19 வரை எண்கள் இருக்கின்றன. ஒரு 7 திரும்பி நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் அழுகை வந்தது, சுடுகாட்டில்கூட வரவில்லை.

ஜூன் 4
கருமாதி முடிந்தது. பந்தல்காரருக்குப் பாக்கி.

ஜூன் 12
மேட்டூர் திறந்துவிட்டார்கள். பாப்பாவே ரேடியோவைப் போட்டிருக்கிறாள்.

"தண்ணி கல்லணைக்கு எப்பப்பா வரும்?"

"மூணு நாலு நாள் ஆகும்."

மாயனூர், முக்கொம்பு, கல்லணை என்று விரல் விட்டாள். அப்பா சொல்லிக்கொடுத்த வரிசை. "அதுவரைக்கும் தாத்தா மண்ணுலயேதான் இருப்பாங்களா?"

சாமி, நட்சத்திரம் என்று ஏதேதோ வாய்வரை வந்தது. "ஆமாம்மா" என்றேன்.

ஜூன் 17
நேற்று கல்லணை திறந்தாயிற்று. சாயங்காலம் அவளைப் பைக்கில் கூட்டிப்போனேன். புதுத்தண்ணீர் பார்க்க அழகாயிராது: நுரை, வைக்கோல், பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு காப்பி நிறத்தில் வந்தது. ஊற்றுப் பள்ளம் இருந்த இடத்தில் ஒரு சுழி கிளம்பி அடங்கியது. செருப்பைக் கையில் பிடித்தபடி பாப்பா கீழ்ப்படிவரை இறங்கி, கணுக்கால் நனைய நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறினாள். 17ஆம் கட்டத்தில் திருவையாறு. 18இல் கும்பகோணம், இடம் போதாமல் 'ணம்' கீழே இறங்கிவிட்டது. அடுத்து மயிலாடுதுறை. பென்சிலைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

"பூம்புகார் எந்தக் கட்டத்துலப்பா?"